ஊசிக்கல் கொட்டாயின் இருபத்து நான்கு பாட்டில்கள்

எங்கள் நிறுவனத்தில் இனிமேல் காகிதப் படிவமே கிடையாதாம். எல்லாம் கையடக்க டேப்லெட்டில்தான். அதையொட்டி மலர் ஒன்று போடுகிறார்கள். பழைய ஆட்களிடம் ஆளுக்கொரு பக்கம் எழுதி வாங்குகிறார்கள். "களப்பணி அனுபவம் எழுதுங்கக்கா, புதுசா சேர்ந்தவங்களுக்கு ஊக்கமா இருக்கணும்" என்று ஒருங்கிணைப்பாளர் போனில் சொன்னார். எழுத உட்கார்ந்தால் எனக்கு நினைவுக்கு வருவது சிறுநீர்தான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஊர் ஊராகப் போய் அதைக் கேட்டு வாங்குவதிலேயே கழிந்தது. ஊக்கம் வருமா தெரியவில்லை. ஒரு பக்கத்தில் அடங்காது என்பது மட்டும் தெரிகிறது.

தருமபுரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருகிற உப்பு அது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். வயது ஏற ஏற முட்டியும் முதுகும் இறுகிப்போகும். எந்த ஊரில் எவ்வளவு இருக்கிறது, அது ஆட்களின் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று சோதித்து, ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எந்தெந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்று அறிக்கை கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. உடம்புக்குள் போனதைக் கண்டுபிடிக்கச் சிறுநீரைத் தவிர வேறு சுலபமான வழி இல்லை. இப்படித்தான் நான் அந்தத் தொழிலுக்கு வந்தேன்.

பயிற்சி பதினைந்து நாள். அதில் பத்து நாள் பாட்டில் கழுவினேன்.

எங்கள் இயக்குநர் தெரசா மேடம். கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். யார் எது சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "உனக்கு எப்படித் தெரியும்?" திட்டுவது போலவும் இருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர், "அடுத்த பஸ் காலியா வருதும்மா, அதுல ஏறிக்கங்க" என்றார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனிதர் பதில் யோசித்து முடிப்பதற்குள் டிரைவர் நான்கு முறை ஹாரன் அடித்துவிட்டார். நாங்கள் அந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டோம்.

மேடத்தின் முறைகள் கறாரானவை. பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். முதலில் லேபிள் ஒட்ட வேண்டும், பிறகுதான் பாட்டிலைக் கையில் கொடுக்க வேண்டும். லேபிளில் பெயர் கூடாது, குறியீட்டு எண் மட்டும். வாங்கியதும் ஐஸ் பெட்டி. கைப்பம்பில் தண்ணீர் பிடிப்பதானால் முதல் ஐந்து நிமிடம் அடித்துக் கீழே விட வேண்டும். குழாய்க்குள் தேங்கிக்கிடப்பது போய் நிலத்தடித் தண்ணீர் வந்த பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, அப்புறம்தான் பிடிக்க வேண்டும். வெயில் காலத்தில், குடத்தோடு இருபது பெண்கள் வரிசையில் நிற்கும்போது, ஐந்து நிமிடம் தண்ணீரை அடித்து மண்ணில் விட்டுப் பாருங்கள். மாரண்டஹள்ளிப் பக்கத்து ஊரொன்றில் ஒரு அம்மாள் இடுப்பில் குடத்தோடு என் அருகில் வந்து, "ஏம்மா, உங்க வூட்லயும் இப்பிடித்தான் பண்ணுவியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த ஐந்து நிமிடத் தண்ணீரை வரிசையில் நிற்பவர்களின் துணி துவைக்கும் வாளியில் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். மேடம் அதைக் கேள்விப்பட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே, "நல்லது" என்றார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது குறைவு.

தண்ணீர் பிடிப்பதாவது பரவாயில்லை. சிறுநீர் கேட்பது வேறு. கேட்டதும் ஆண்கள் சிரிப்பார்கள், பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். அப்புறம் வதந்தி கிளம்பும். சரக்கு குடிப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை என்று ஒரு ஊரில் பேச்சு வந்து, ஆண்கள் பாதிப் பேர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்கள். எந்தெந்த வீட்டில் யார் யார் என்பதை அவர்களுடைய மனைவிமார் அன்றைக்குச் சுலபமாகத் தெரிந்துகொண்டார்கள். இன்னொரு ஊரில் ஒரு மாமியார் தன் பாட்டிலைத் தொடவே இல்லை, மருமகளின் பாட்டிலை மட்டும் தானே கொண்டுவந்து கொடுத்து, "விசேஷம் ஏதாச்சும் தெரியுமாங்க?" என்று காதோடு கேட்டார்.

இனி ஊசிக்கல் கொட்டாய்க்கு வருகிறேன். ஊர்ப்பெயரும் ஆட்களின் பெயரும் நான் வைத்தவை. காரணம் படிக்கும்போது புரியும்.

கரடு என்கிற பாறைக் குன்றின் அடியில் இருக்கிற சின்ன ஊர். பாதி வீடுகளில் கன்னடம், பாதி வீடுகளில் தமிழ், சண்டை வந்தால் இரண்டும். நாற்பது வயதுக்காரர்கள் முட்டி மடக்க முடியாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீரைச் சோதிக்காமலே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை மேடத்திடம் சொல்ல முடியாதே.

அங்கே மகளிர் குழுத் தலைவி மாதம்மாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். எந்த வேலையையும் பாதிப் பேச்சிலேயே புரிந்துகொண்டு மீதிப் பாதியை நமக்கே சொல்லிக்கொடுப்பாள். அவளுடைய மகள் கவிதா பி.காம். முடித்திருந்தாள். நல்ல கலகலப்பான பெண். சிரிக்கும்போது மட்டும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் இருபத்து நான்கு பேரிடம் சிறுநீர் எடுக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தையிலிருந்து எழுபது வயதுப் பெரியவர் வரை பட்டியல் தயார். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர்தான் வேண்டும். அதுதான் சிக்கல். அந்த ஊருக்கு முதல் பஸ்ஸே எட்டரை மணிக்கு. நான் போய் இறங்குவதற்குள் ஊரே போய்விட்டு வந்திருக்கும். இரண்டு நாள் வெறும் ஐஸ் பெட்டியோடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் மாதம்மாள் சொன்னாள். "பாட்டிலுங்கள எங்கிட்ட குடுத்துட்டுப் போங்கக்கா. வூடு வூடா குடுத்து, காலைல நானே வாங்கி வெக்கறன். நீங்க எட்டரைக்கு வந்து எடுத்துக்கினு அதே பஸ்ல திரும்பிடலாம்."

முறைப்படி அது கூடாது. படிவத்தில் கடைசிக் கட்டம் 'என் முன்னிலையில் பெறப்பட்டது' என்று இருக்கும். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அறிக்கைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் என் கணவருக்கு லாரி பட்டறையில் வேலை நின்றுபோன சமயம். வேலை தெரியாதவள் என்று பெயர் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் எட்டரைக்குப் போனேன். மாதம்மாள் வீட்டு வாசலில் கட்டில். கட்டிலின் மேல் விரித்த துண்டு. துண்டின் மேல் நான்கு வரிசையில், வரிசைக்கு ஆறாக இருபத்து நான்கு பாட்டில்கள். எல்லாம் ஒரே மட்டத்துக்கு நிரம்பியிருந்தன. ஒரு பாட்டிலில்கூட வழிசல் இல்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு ஊர் ஒத்துழைத்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இருபத்து நான்கு படிவங்களிலும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் கழித்து ஆய்வுக்கூடத்துச் சேகர் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, மிஷின் ரிப்பேர்னு நெனச்சு ரெண்டு தடவ செட் பண்ணிப் பாத்துட்டன். உங்க ஊரு முழுக்க ஒரே நம்பர் காட்டுது."

"கிட்டத்தட்ட ஒரே மாதிரியா?"

"கிட்டத்தட்ட இல்லக்கா. புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பரும் அதேதான். அதுவும் ரொம்பக் கம்மி. இந்த ஊருல ஃப்ளோரைடே இல்லீங்களே!"

தாள் மேடத்தின் மேசைக்குப் போயிற்று. நானும் போனேன். மேடம் பட்டியலை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார்.

"வசந்தா, ஆறு வயசுப் பெண், கர்ப்பிணி ஒருத்தி, எழுபது வயசுப் பெரியவர். மூணு பேருக்கும் ஒரே சிறுநீரகமா?"

"தெரியல மேடம்."

கண்ணாடி கழன்றது. "இதெல்லாம் அவங்களோடதுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வாயைத் திறந்தேன். 'என் முன்னிலையில்' என்ற வார்த்தையும் அதன் பக்கத்தில் என் கையெழுத்தும் இருபத்து நான்கு முறை மேசைமேல் கிடந்தன. சொல்லிவிட்டேன். பாட்டிலைக் கொடுத்தது, வந்தது, கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும். பேசி முடித்ததும், வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு படிவங்களைக் கையில் எடுத்து, "இத கிழிச்சுடட்டுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"கிழிக்காதே. கிழிச்சா ரெண்டாவது தப்பு. குறுக்கே ஒரே ஒரு கோடு போடு. அடியில எழுதினது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல உண்மையா நடந்தத எழுதி, இன்னைக்குத் தேதி போடு."

இருபத்து நான்கிலும் கோடு போட்டேன். இருபத்து நான்கிலும், 'என் முன்னிலையில் பெறப்படவில்லை' என்று எழுதினேன். பத்தாவதுக்கு மேல் கை வலித்தது. மேடம் எதிரில் உட்கார்ந்து வேறு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "நாளைக்கு ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

அந்த எண்கள் அப்படியே அறிக்கைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசிக்கல் கொட்டாயில் நல்ல தண்ணீர் என்று அச்சாகியிருக்கும். குழாய் அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கும். முட்டி மடங்காத ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாதம்மாள் எங்களை எதிர்பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாதம்மா, அந்தப் பாட்டில்ல இருந்தது யாரோடது?" என்றார் மேடம்.

"எல்லாருதும்தாங்க."

"எல்லாருக்கும் ஒரே நம்பர் வந்திருக்கு."

மாதம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் தன்னுடைய வழக்கமான குரலிலேயே சொன்னாள்: "எங்க தங்கச்சி வூட்டுக்காரருதுங்க."

"ஒருத்தரோடதா?"

"ஓசூர்ல கம்பெனில இருக்காருங்க. ஒரு நோயில்ல, நொடியில்ல. எங்க ஊரு தண்ணி அவருக்குச் சேராது. வந்தா கேன் தண்ணி கையிலயே கொண்டாந்துடுவாரு. அன்னிக்கின்னு பாத்து வந்தாருங்க. சரி, டெஸ்டுக்குன்னு அனுப்பறது, நல்லதா பாத்து அனுப்பலாமேன்னு…"

"இருபத்து நாலு பாட்டிலுக்கும் அவர் ஒருத்தரேவா?"

"ரெண்டு கேனும் தீந்துபோச்சுங்க. பாவம், மனுசன் ஒரு வார்த்த சொல்லல. மரியாதைக்காரரு. எல்லாத்தையும் ஒண்ணா ஒரு சொம்புல சேத்து, மட்டம் பாத்து நாந்தான் ஊத்தினன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நான் பயந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐந்து வருடத்தில் மேடம் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்ததும், "ஏம்மா இப்படி?" என்று கேட்டார். இந்த முறை கேள்வி மாறியிருந்தது.

மாதம்மாள் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வர்ற வாரம் கவிதாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. கரட்டுக்கு அந்தப் பக்கம் பெரியபாறை ஊரு. ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து, பல்லப் பாத்துட்டுப் போனவங்க திரும்பி வரல. இப்ப நீங்க வேற, இந்த ஊரு தண்ணி வெசம், பொண்ணுங்க ஒடம்பெல்லாம் வெசம்னு பேப்பர்ல போட்டுட்டீங்கன்னா? எவன் எங்க ஊர்ல பொண்ணு எடுப்பான்?"

உள்ளங்கையால் வாயை மூடிச் சிரிக்கிற அந்தப் பெண் அப்போதுதான் எனக்குப் புரிந்தாள்.

மேடம் பொறுமையாகச் சொன்னார். "அறிக்கையில ஊர்ப்பேர் வேண்டாம்மா. ஒரு நம்பர் மட்டும் போட்டுடறோம்."

"பேரு போடலன்னா எந்த ஊருக்குன்னு பாத்து கொழாய் போடுவாங்க?"

பேராசிரியராக இருந்தவரைக் கேள்வி கேட்டு நிறுத்திய ஒரே ஆளை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். கவிதா டீ கொண்டுவந்து வைத்தாள். பாதி டீ குடித்ததும் மாதம்மாளே வாயைத் திறந்தாள்.

"பெரியபாறைல டெஸ்டு பண்ணிட்டீங்களா?"

"இல்ல. அடுத்த பட்டியல்ல இருக்கு."

"இதே கரடுதாங்க, இதே பாறைதான். எங்களுக்கு இந்தப் பக்கம் ஊறுனா அவங்களுக்கு அந்தப் பக்கம் ஊறுது. மொதல்ல அங்க பண்ணுங்க. அப்புறம் எங்க பேர எவ்ளோ பெருசா வேணும்னாலும் போட்டுக்கங்க."

மேடம் என் பக்கம் திரும்பி, "ஒப்பிட்டுப் பாக்க ஒரு ஊர் வேணும்னு நானே நினைச்சிட்டிருந்தேன். இந்தம்மா நமக்கு முன்னாடி யோசிச்சிருக்காங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பெரியபாறைக்குப் போனோம். ஊர்க் கைப்பம்பில் ஐந்து நிமிடம் அடித்தோம், மூன்று முறை அலசினோம். சும்மா நின்றவர்களும் பார்க்கட்டும் என்று, களத்திலேயே பார்க்கிற சோதனைப் பெட்டியையும் திறந்து வைத்தோம். அதில் ஒரு சிவப்பு மருந்து உண்டு. தண்ணீரில் சில சொட்டு விட்டால், நல்ல தண்ணீர் ரோஸ் நிறத்தில் நிற்கும். ஃப்ளோரைடு ஏற ஏற மஞ்சளாகும்.

கூட்டத்தில் முன்வரிசையில் ஒரு அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி மடங்காது. "வயசாயிடுச்சுல்ல" என்றார். வயதைக் கேட்டால் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பெயர் ருக்குமணி. கவிதாவைப் பார்க்க வரப்போகிற மாப்பிள்ளையின் அம்மா அவர்தான் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் போல் சொட்டு மருந்தை எடுத்தேன்.

அந்த நேரத்தில் கூட்டத்தின் பின்னாலிருந்து மாதம்மாள் வந்து நின்றாள். கரட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள்.

"என்னா மாதம்மா, இந்தப் பக்கம்?" என்றார் ருக்குமணி.

"ஆடு ஒண்ணு காணமுங்க. தேடிக்கினே வந்தன்."

மாதம்மாள் வீட்டில் ஆடு கிடையாது.

சொட்டு விட்டேன். குலுக்கினேன். ரோஸ் நிறம் ஒரு நொடி நின்றது. பிறகு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, எலுமிச்சம்பழம் போல மஞ்சளாயிற்று. மேடம் குப்பியை உயர்த்திப் பிடித்து, அதிகம் என்றால் என்ன, அதனால் உடம்பில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் விளக்கினார். ருக்குமணியின் கை தானாகவே முட்டிக்குப் போயிற்று.

"அய்யய்யோ, உங்க ஊருலயுமாங்க!" என்றாள் மாதம்மாள். எனக்கே அவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லலாம் போல இருந்தது. அவ்வளவு துக்கம் அந்தக் குரலில்.

அப்புறம் இரண்டு அம்மாக்களும் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எந்தத் தைலம், எந்த ஊசி, எந்த டாக்டர் என்று பேச்சு நீண்டது. நாங்கள் பெட்டியை மூடிக்கொண்டு புறப்படும்போது, "பையனுக்கும் பல்லு அப்பிடித்தாங்க, மீச வெச்சு மறைச்சிருக்கான்" என்று ருக்குமணி சொல்வது காதில் விழுந்தது. அடுத்த வாரம் பொண்ணு பார்த்து, அன்றைக்கே பூவும் வைத்துவிட்டார்கள்.

நான் ஊசிக்கல் கொட்டாயில் மாதம்மாள் வீட்டிலேயே தங்கி, காலையில் வீடு வீடாகப் போய், இருபத்து நான்கு பேரிடமும் நானே வாங்கினேன். வாசலில் நின்று, வாங்கி, மூடி, பெட்டியில் வைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டேன். எண்கள் இருபத்து நான்கும் வேறு வேறாக வந்தன. ஒன்றுகூட நல்லதாக இல்லை. அறிக்கை வெளியானபோது, முறைகள் என்ற பகுதியில் இரண்டு வரி இருந்தது. களப்பணியாளர் முன்னிலையில் பெறப்படாததால் ஒரு தொகுதி மாதிரிகள் நீக்கப்பட்டு மறுபடி சேகரிக்கப்பட்டன என்று. என் பெயர் இல்லை. இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்த அந்த இரண்டு வரியைச் சேகரிடம் மூன்று முறை படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டேன். மேடம் என்னிடம் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அடுத்த வருடம் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்.

இரண்டு ஊருக்கும் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்து சேர நாலைந்து வருடம் ஆயிற்று. அதற்குள் மேடம் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் தொடர் ஆய்வுக்காக ஊசிக்கல் கொட்டாய்க்குப் போனேன். 'குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர் பயன்படுத்துகிறீர்களா?' என்பது முதல் கேள்வி. எல்லா வீட்டிலும் ஆமாம், ஆமாம் என்றார்கள். நான் எல்லா வீட்டிலும் சமையல்கட்டுக்குள் போய்ப் பார்த்தேன். மாதம்மாள் வீட்டில் இரண்டு குடம் இருந்தது.

"இதுல எந்தத் தண்ணிம்மா?"

"போர்த் தண்ணிங்கக்கா." கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கமெல்லாம் அவளிடம் இல்லை. "கொழாத் தண்ணி சப்புன்னு கெடக்குது. இதுல டீ போட்டாத்தான் டீயாட்டம் இருக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருசம் நாங்க பட்ட பாடு…"

"அந்தக் கொடத்தப் பாருங்க மொதல்ல" என்றாள். மற்றக் குடம் மேடைமேல் உயரத்தில் இருந்தது. தட்டுப் போட்டு மூடி, தட்டின் மேல் துணி கட்டியிருந்தது. "அது கொழாத் தண்ணி. கவிதா புள்ள எங்கிட்டதான் வளருது. அது குடிக்கறதுக்கு, அதுக்குச் சோறாக்கறதுக்கு. வேற யாரும் தொடக்கூடாது. எங்க பல்லு இனிமேட்டா மாறப்போவுது?"

பெண் குழந்தை, ஆறு வயது. நிலைப்பல் வந்தால்தான் எதுவும் சொல்ல முடியும். "பல்லக் காட்டு கண்ணு" என்றேன். முன்பல் நான்கும் விழுந்து, வெறும் ஈறாக இருந்தது.

ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து மாதம்மாளிடமிருந்து போன் வந்தது. "மொளச்சிடுச்சுக்கா. வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். படிவமும் இல்லை, பெட்டியும் இல்லை, அதே எட்டரை பஸ்ஸில் போனேன். கவிதா பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக ஊரே வந்து பல்லைக் காட்டச் சொல்லியிருக்கிறது, அலுத்துப்போயிருந்தாள்.

மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பார்க்கலாம் என்று ஆள்காட்டி விரலைக் கொண்டுபோனேன். இரண்டு பற்கள் தெரிந்தன. ஓரம் இன்னும் ரம்பம் போல இருந்தது. ஒரு கீற்றுக் கறை இல்லை. பால் வெள்ளை. நான் இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்து பார்ப்பதற்குள் நறுக்கென்று கடித்துவிட்டாள்.

"அடியே! பெரியவங்கள…" என்று மாதம்மாள் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"உடு, உடு" என்றேன். விரலில் இரண்டு பல்லும் தனித்தனியாகப் பதிந்திருந்தது. நன்றாக வலித்தது. நல்ல கெட்டிப் பல்.